அறுநூறு கிராம்

1

நடந்துகொண்டிருந்தேன். ஹோட்டலின் பின்வாசல் வழியாக வெளியேறி, சரக்கு வண்டிகள் நிற்கும் முற்றத்தைச் சுற்றிப் பெரிய சாலையில் ஏறிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஊர் ஈப்போ, மலேசியா. மாலை ஐந்தரை மணி இருக்கும். முதுகில் ஒரு பை. அதற்குள் ஒரு ஜோடிக் கையுறை, பல்லுக்கு மாட்டும் ரப்பர், ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம். சண்டை முடிந்தபிறகு பிரிக்கலாம் என்று வைத்திருந்த பொட்டலம். சண்டையே இல்லை என்று ஆனபிறகு எப்போது பிரித்தால் என்ன என்று நடந்துகொண்டே பிரித்தேன். முந்தின நாள் மாலையிலிருந்து சோறு தண்ணீர் படாத வாய். முதல் முறுக்கு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பின்வாசல் வழியாக வந்தாலும் சாலைக்கு வர முகப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே எட்டு ஆட்களின் படம் போட்ட துணிப் பலகை தொங்கியது. கடைசி வரிசையில், மூலையில், என் முகம். ஓர் ஆள் ஏணியில் நின்று அதன்மேல் வேறொரு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். பசை சரியாகப் பிடிக்கவில்லை போல. உள்ளங்கையால் என் நெற்றிப் பக்கம் ஓங்கி ஓங்கித் தட்டினான்.

அறுபத்தாறு கிலோவுக்குள் இருக்க வேண்டிய நான் அறுபத்தாறு கிலோ அறுநூறு கிராம் இருந்தேன். நடந்தது அவ்வளவுதான். நான் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று கடிதத்திலும் போனிலும் கேட்டவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு வருஷமாக வேறு வேறு காரணம் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது சரியான காரணத்தை எழுதுகிறேன்.

2

எழுதத் தூண்டியது என் மகள். வயது பத்து. போன வாரம் தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தவள் ஒரு கூண்டுச் சண்டையில் ஒரு நொடி நின்றாள். ஒருவன் கீழே, ஒருவன் மேலே. மேலே இருந்தவனின் முழங்கை இறங்கப் போகிற இடம் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மாற்றிவிட்டாள்.

"இது கானாஸ்லா, அப்பா. இதெல்லாம் யாரு பாப்பாங்க?"

கானாஸ் என்றால் மலாயில் மூர்க்கம். அவளுக்குக் கோபம், பயம், அருவருப்பு எல்லாம் மலாயில்தான் வரும். சோறும் தண்ணீரும் மட்டும் தமிழில் கேட்பாள். பள்ளியில் 'அப்பாவின் ஊர்' என்று நாலு வரி எழுதச் சொன்னார்கள். 'சென்னை' என்று எழுதியிருந்தாள். கும்மிடிப்பூண்டி என்று சொல்லிக் கொடுத்தேன். "பாஞ்சாங்லா, கோட்டுக்குள்ள அடங்காது" என்றாள். நீளம் என்று அர்த்தம். விட்டுவிட்டேன். நானும் யோக்கியன் இல்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது 'மூணு ஜாம் ஆகும்' என்கிறேன். மூன்று மணி நேரம் என்று அவளுக்குப் புரிவதில்லை. ஆனால் கேட்க மாட்டாள். "ஆவட்டும் நைனா" என்பாள்.

இப்போது நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்கு எடுத்தால் மாலை மூன்றுக்கு முடியும். என் மனைவி இந்த ஊர்க்காரி. அவள் கணவன் என்பதால்தான் எனக்கு இங்கே இருக்க அனுமதி. வருஷா வருஷம் அவளைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் கூட்டிப்போக வேண்டும். "இவர் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாரா?" என்று அதிகாரி அவளைக் கேட்பார். அவள் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் எனக்கு இன்னொரு வருஷம். அதற்கு முந்தின பதினைந்து நாள் நான் வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. அவள் கெட்டவள் இல்லை. இருந்தாலும் உயர்த்துவதில்லை.

நான் சண்டைக்காரனாக இருந்தது அவளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

3

ஊரில் பலர் என்னைக் குத்துச்சண்டைக்காரன் என்று நினைக்கிறார்கள். நான் செய்தது அது இல்லை. குத்து, உதை, மல்லு, கழுத்தை நெரிப்பது, கையை முறுக்குவது எல்லாம் சேர்ந்த சண்டை. கம்பி வலைக் கூண்டுக்குள் விடுவார்கள். ஐந்து நிமிஷம் ஒரு சுற்று, மூன்று சுற்று. முடியாதவன் தரையையோ எதிராளியின் முதுகையோ மூன்று முறை தட்ட வேண்டும். தட்டினால் விட்டுவிட வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ரோலிங் மில்லில் தட்டினாலும் யாரும் விடமாட்டார்கள்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் பிறகு அந்த மில் வந்தது. பதினேழு வயதில் அதற்குள் போனேன். இரும்புக் கட்டிகளைச் சூளையில் காய்ச்சி, சிவப்பாக வெளியே இழுத்துக் கம்பியாக நீட்டும் இடம். சூளையின் வாயில் நாலு வருஷம் நின்றேன். பிறகு அத்திப்பட்டில் நிலக்கரி அள்ளினேன். அதுவும் பிடிக்காமல் நெல்லூர் லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு வடசென்னையில் ஒரு தகரக் கொட்டகையில் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு வருஷம் படுத்துக் கிடந்தேன். எங்கேயும் நிலையாக நிற்கும் கால் இல்லை எனக்கு. கடைசியில் ஏஜெண்டு ஒருவர் மூலம் மலேசியாவில், கிள்ளான் ஊரில், ரப்பர் கையுறைத் தொழிற்சாலை.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடை மாடியில், உடற்பயிற்சிக் கூடம். அதை நடத்தியவர் ஐம்பது வயதுச் சீனர். எல்லோரும் கோச் என்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் அரைகுறை மலாய். நான் தொங்கும் பயிற்சிப் பையைக் குத்துவதை ஒரு நாள் நின்று பார்த்தார். "கை நல்லா இருக்கு. கீழே விழுந்தா செத்துடுவே" என்றார். ஒரு வருஷம் கீழே விழவே கற்றுக் கொடுத்தார்.

பதினோரு சண்டை போட்டேன். ஏழில் தோற்றேன். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, என்னைக் கூப்பிட்டதே தோற்பதற்குத்தான். எந்த ஊரிலும் அந்த ஊர்ப் பையன் ஒருவன் இருப்பான். அவன் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். அவனை எதிர்க்க வந்தவனுக்குக் கடைசி நேரத்தில் கை உடையும், காய்ச்சல் வரும். அப்போது கோச்சுக்குப் போன் வரும்: "ஆள் இருக்கா? நாளன்றைக்கு." அந்த ஆள் நான். எங்களை இரண்டு நாள் ஆட்கள் என்பார்கள். தயாராக நேரம் கிடையாது. போய் நின்று, அடி வாங்கி, வேனில் திரும்புவது. நாலு முறை மட்டும் என்னைக் கூப்பிட்டவர்கள் நினைத்தது நடக்கவில்லை.

நாலாவது முறைக்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. சண்டை நடத்தும் ஒருவர் என்னை ஒப்பந்தத்தில் எடுக்கிறேன் என்றார். இரண்டு வருஷம். தங்கும் அனுமதியும் சாப்பாடும் பயிற்சியும் அவர் பொறுப்பு. தொழிற்சாலைக்குப் போக வேண்டாம், இனி இரண்டு நாள் ஆளும் இல்லை. ஈப்போவில் ஒரு சண்டை. அதில் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, குறித்த எடையில் வந்து கூண்டுக்குள் இறங்கினால் போதும். அறுபத்தாறு கிலோ. எனக்கு இருபத்தொன்பது வயது. இதற்குப் பிறகு எவனும் கேட்கப்போவதில்லை என்று கோச் சொல்லாமலே தெரிந்தது.

4

பாஸ்போர்ட் முடிய நாலு மாசம்தான் இருந்தது. ஆறு மாசம் இல்லாவிட்டால் புது அனுமதி கிடையாது. தொழிற்சாலைக் கெடுவும் முடிந்திருந்தது. "ஊருக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வா. சண்டைக்குப் பதினைந்து நாள் முன்னால் என் கண்முன்னால் நிற்க வேண்டும். எடை இறக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் கோச்.

விண்ணப்பம் போட்டேன். போலீஸ் விசாரணைக்கு ஆள் வருவார்கள், வீட்டிலேயே இரு என்றார்கள். நான் வீட்டில்தான் இருந்தேன், காலை ஓட்டம் தவிர. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் சிப்காட் சாலையில் ஓடுவேன். ஒரு நாள் ஓடிவிட்டு வந்தால் அம்மா வாசலில் சந்தோஷமாக நிற்கிறாள்.

"போலீஸ்காரரு வந்துட்டு போனாருடா. தேசப்பன் கீறானான்னு கேட்டாரு."

"இன்னா சொன்ன?"

"மலேசியால கீறான் சார், பெரிய வேலைன்னு சொல்ட்டேன்."

"ஐயோ, நான் இங்கதானம்மா கீறேன்! அவரு இங்க இருக்கிறேனான்னு பாக்கத்தான் வந்தாரு!"

"கத்தாதடா. எதுத்த ஊட்டுக்காரி, பால்காரன், எல்லாம் நின்னுகினு இருந்தாங்கோ. அவங்க முன்னாடி ஊட்டுல கீறான்னு எப்பிடி சொல்றது? தொர்த்திவுட்டாங்க போலன்னு பேச மாட்டாங்க?"

நான் வந்து ஒரு மாசமாகியும் அம்மா யாரிடமும் அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பார்த்துவிட்டவர்களிடம் 'லீவுல வந்தான், நாளைக்குப் போறான்' என்று தினமும் சொல்லியிருக்கிறாள். எங்கள் காலனியில் வெளிநாடு போனவன் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்தால், வேலை போய்விட்டது என்றுதான் பேசுவார்கள். கல்யாணம் ஆகாதவன் என்றால் இன்னும் மோசம்.

காவலர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். மேற்படி நபர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்று எழுதினார். கோப்பு திருவள்ளூரில் இருக்கும் மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்குப் போய்விட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேரப் பாதி நாள் ஆகும். முதல் முறை போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோப்பை எடுத்துப் பார்த்தார்.

"நீ ஊர்ல இல்லன்னு எழுதியிருக்குப்பா."

"இதோ நிக்கிறேனே சார்."

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே."

மறுபடி விசாரணை, மறுபடி அறிக்கை. இரண்டாம் முறை போனேன். மூன்றாம் முறை அம்மாவும் வந்தாள். குற்ற உணர்ச்சி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராமல் என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். அந்த மேசைக்காரர் அவளைப் பார்த்து, "ஏம்மா, பெத்த புள்ளய வெச்சிகினே இல்லன்னு சொன்னியா? ஏன் பொய் சொன்ன?" என்றார்.

"பொய்யில்ல சார். அவன் அங்கதான் இருக்கணும்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினார். ஆனால் நாள் போய்விட்டது. பாஸ்போர்ட் கைக்கு வந்து, விசாவும் வந்தபோது சண்டைக்கு ஐந்து நாள் இருந்தது. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள் மாலை. கிடைத்த விமானம் அதற்கு முந்தின இரவு. கோச்சின் கண்முன்னால் இறக்க வேண்டிய எடையை நான் கும்மிடிப்பூண்டியிலேயே இறக்க வேண்டியதாயிற்று.

5

மில்லில் என்னோடு இருந்த கண்ணையாவுக்கு என்னைவிடப் படிப்பு குறைவு. இதை அவனே படிக்க மாட்டான். யாராவது படித்துச் சொல்வதாக இருந்தால் இந்தப் பகுதியையும் இதற்குப் பிறகு வருவதையும் விட்டுவிடுங்கள்.

நாலு கிலோ இறங்க வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசி நாட்களில் உடம்பில் இருக்கும் தண்ணீரை வேர்வையாக வெளியேற்றிவிட வேண்டும். எடை பார்த்தபிறகு குடித்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்காருவார்கள், நீராவி அறைக்குள் போவார்கள். கோச் போனில் இரண்டு விஷயம் சொன்னார். சூடு வேண்டும். சாப்பாட்டில் உப்பு கூடாது. அம்மா உப்பில்லாத கஞ்சி வைத்தாள். சூட்டுக்கு நீராவி அறையைத் தேடி நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த சூடு ஒன்றே ஒன்றுதான்.

மில்லில் சூளைக்கு மேஸ்திரி கண்ணையா. நான் பதினேழு வயதில் சேர்ந்தபோது எனக்கு இடுக்கி பிடிக்கப் பழக்கியவன். ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், என்னைவிட ஆறேழு வயது மூத்தவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அவனவன் இந்த சூட்டுலேர்ந்து ஓட்றான். நீ பிளேன் ஏறி வந்து நிக்கிறேன்ற. வா நைனா, சும்மாதானே எரியுது."

மூன்று நாள், மாலை ஷிப்டில். மழைக்கோட்டு போட்டு, தலையில் துண்டு கட்டி, சூளை வாயிலிருந்து பத்தடியில் நின்றேன். கட்டி வெளியே வரும்போதெல்லாம் முகம் பொசுங்குவது போல இருக்கும்.

"இன்னாடா தேசு, கோயி வாட்டற மாறி நின்னுகினு கீற! திரும்பி நில்றா, அந்தப் பக்கம் வேவல!"

"மலேசியால வேல இல்லியாம். இங்க வந்து இஸ்திரி போட்டுக்கிறான்."

அவர்கள் கிண்டல் பிடித்திருந்தது. பல வருஷமாக என்னை யாரும் என் பாஷையில் கிண்டல் செய்யவில்லை.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்கு முன்னால் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதைத் தாண்டுபவன் ஒரு சிட்டிகை கல்லுப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். நேரம் பாதியானதும் உப்பு போட்ட நீர்மோர் ஒரு செம்பு. முன்னொரு காலத்தில் உப்பு வேண்டாம் என்று போன ஒருவன் சூளைக்கு முன்னால் விழுந்தான், அவனைத் தூக்கத் தாமதமாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் மேஸ்திரியாக இருந்தாலும் உப்பு டப்பா அவன் கையில்தான். நான் நாலு வருஷம் தினமும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். பல் விளக்குவது மாதிரி. அதைச் சாப்பாடு என்று யாராவது கணக்கில் வைப்பார்களா?

முதல் நாள் கோட்டுக்கு வந்ததும் கண்ணையா டப்பாவை நீட்டினான். நான் வாயைத் திறந்தேன். கோச் சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்றுதான் எழுத நினைத்தேன். வந்தது. ஒரு நொடி வந்தது. அது சோற்று உப்பு, இது சூளை உப்பு என்று உடம்பே முடிவு செய்துவிட்டது.

மோருக்கு மட்டும் முனகினேன். "வேணாம் கண்ணையா, தண்ணி ஏறிடும்."

"ஒரு செம்புதான். கோட்டத் தாண்டுனவன் என் பொறுப்பு. நீ உயுந்தா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? அதான் பூரா வேர்வையா ஊத்துதே, குடி."

மூன்று நாளும் குடித்தேன். இரும்பு எடை போடும் பெரிய தராசில் தினமும் ஏறினேன். கடைசி நாள் அறுபத்தேழரை. சந்தோஷம். இரவு முழுக்க வாயில் ஒன்றும் படாமல் பயணம் போனால் ஒன்றரை கிலோ தானாக இறங்கிவிடும், எப்போதும் இறங்கியிருக்கிறது. கிளம்பும்போது கண்ணையா என் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான்.

"கல்லு மாறி கீற. போய் அட்ச்சிட்டு வா. ஜெயிச்சா டீக்கட நம்பருக்கு போன் போடு."

6

ஒன்றரை கிலோ இறங்கவில்லை. அறுநூறு கிராம்தான் இறங்கியது. நாலு மணிக்குத் தராசில் ஏறினேன். அறுபத்தாறு தொள்ளாயிரம். விதிப்படி ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். கோச் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். மழைக்கோட்டோடு எட்டு மாடி ஏறி இறங்கினேன். ஏறி இறங்கினேன். முதல் பத்து நிமிஷம் வேர்வை வந்தது, பிறகு நின்றுவிட்டது. வாய் தோல் மாதிரி காய்ந்திருந்தது. கால் மட்டும் கனமாக, சொந்தக் கால் இல்லாதது மாதிரி இருந்தது.

படிக்கட்டில் உட்கார வைத்தார். என் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல், கட்டைவிரலை அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். விரலை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு பள்ளம். அது மேலே வரவே இல்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காராம்" என்றார். உப்பு.

"சாப்பாட்டில் இல்லை, கோச்."

"சாப்பாட்டில் இல்லை என்றால் எதில்?"

சூளையைச் சொன்னேன். சுண்ணாம்புக் கோட்டைச் சொன்னேன். டப்பாவை, மோரை, எல்லாவற்றையும் அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உழைக்கிறவனுக்கு அது சரி" என்றார். "நாள் பூரா வேர்க்கிறவன் உடம்பில் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்குத்தான் உப்பு. நீ தண்ணீரை விரட்டப் போனாய். விரட்டுகிற இடத்திலேயே கதவைப் பூட்டிவிட்டாய்." பிறகு எழுந்து மழைக்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஏறு."

ஏறினேன். கடைசியில் இருவர் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, துணியெல்லாம் கழற்றிவிட்டுத் தராசில் நின்றேன். அறுபத்தாறு அறுநூறு. எதிராளியின் ஆட்கள் எழுந்து வந்து எண்ணைப் பார்த்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் சண்டை நடக்கலாம். கோச் அவர்களிடம் போய்ப் பேசினார். அவர் கையைக் கூப்பிப் பேசியதை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் மறுத்தார்கள். எழுதிய எடை எழுதிய எடைதான் என்றார்கள். அவர்கள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாற்று ஆள் தயாராக இருந்தான். பினாங்குப் பையன், ரப்பர் செருப்போடு வந்திருந்தான். எனக்குப் பழக்கம் உண்டு, என்னைப் போலவே இரண்டு நாள் ஆள். தராசில் ஏறினான், அறுபத்தைந்து எண்ணூறு. இறங்கும்போது என்னைப் பார்த்து, "மன்னிச்சிக்கோ, பாங்" என்றான். பாங் என்றால் அண்ணன். மறுநாள் முதல் சுற்றிலேயே தோற்றான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒப்பந்தம் அவனுக்குப் போயிற்று. தோற்றாலும் உண்டு என்றுதானே பேச்சு. தோற்பதை நான் அவனைவிட நன்றாகச் செய்திருப்பேன்.

கோச்சுக்கு அன்றிரவே கிள்ளான் திரும்பும் வேன். "வா" என்றார். வந்து என்ன செய்வேன் என்று இருவருக்குமே தெரியவில்லை. வரவில்லை என்றேன். வற்புறுத்தவில்லை.

7

முறுக்கு தீர்ந்தபோது ஒரு மளிகைக் கடை வந்தது. வாசலில் பொதுத் தொலைபேசி. சில்லறை போட்டு மில்லுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் பேசினேன். கண்ணையாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். சண்டை என்றைக்கு என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது.

"இன்னா ஆச்சு நைனா? அட்ச்சியா?"

பின்னால் மற்றவர்கள் சத்தம் கேட்டது. ஒருவன் விசில் அடித்தான். உப்பு என்ற சொல் என் நாக்குவரை வந்தது. அதைச் சொன்னால் அவன் நாளைக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால் எப்படி டப்பாவோடு நிற்பான்?

"தோத்துட்டேன் கண்ணையா."

"எத்தினி ரவுண்டு?"

"மொத ரவுண்டுலயே. கய்த்தப் புட்ச்சி நெரிச்சிட்டான்."

"அட உடு" என்றான். "அடி பலமா? எதுனா துன்னியா? அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நல்லா ஆடுனான்னு சொல்றேன். வந்துடு, இங்க இடம் கீது. உனக்கு இல்லாத இடுக்கியா?"

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போயிருக்கலாம். என் கையில் திரும்பும் டிக்கெட் இருந்தது. ஆனால் அம்மா இத்தனை நாள் தெருவில் சொன்ன கதைக்கு நடுவே நான் பையோடு போய் இறங்க வேண்டும். கண்ணையாவுக்கு எதிரே, அதே கோட்டில், தினமும் வாயைத் திறந்து நிற்க வேண்டும். அவன் அந்த உப்பை எவ்வளவு அக்கறையோடு வைப்பான் என்று தெரியும். என்னால் முடியாது என்று தோன்றியது. இன்றைக்கும் அது சரியான முடிவு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு வேறு முடிவு வரவில்லை, அவ்வளவுதான்.

இரவு பஸ் நிலைய பெஞ்சில் போயிற்று. காலையில் புந்தோங் பக்கம் நடந்தேன், தமிழ் ஆட்கள் அதிகம் இருக்கும் இடம் என்று சொன்னார்கள். ஒரு சமையல் எரிவாயுக் கடையின் முன்னால் லாரியிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைவு என்பது பார்த்ததுமே தெரிந்தது. முதலாளி தமிழர், பெரிய வயிறு, காதில் பென்சில். வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இந்தியாலேர்ந்தா? பெர்மிட்டு இருக்கா?"

"ஒரு மாசத்துக்கு இருக்குண்ணே."

"அப்புறம் பாத்துக்கலாம். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டு, தம்பி. நாலு மாடி, அஞ்சு மாடி. தோள்ல வச்சுத் தூக்கணும்." சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றி வந்தவர் என் இடது காதைப் பார்த்து நின்றுவிட்டார். தரையில் போட்டு அழுத்தி அழுத்தி நசுங்கிய காது உள்ளே ரத்தம் கட்டிக் குழம்பி உருண்டையாகிவிடும். கூண்டில் சண்டை போட்ட எவனையும் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

"நீ அந்தக் கூண்டுல சண்டை போடற ஆளா? இன்னிக்குக்கூட ஹோட்டல்ல ஏதோ போடறாங்களாமே. அப்படின்னா வேணாம்பா. போன வருஷம் ஒருத்தன் வந்தான். பாதி நாள் ஜிம்முன்னு ஓடிருவான், மீதி நாள் கை ஒடஞ்சிருச்சுன்னு படுத்துக்குவான். அந்தக் கிறுக்கு இருக்கிறவன் இங்க சரிப்பட மாட்டான்."

"இல்லண்ணே" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"காது?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

அவர் இன்னொரு முறை பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. லாரி காத்திருந்தது. கையால் ஒரு சிலிண்டரையும் எதிரே இருந்த ஃபிளாட்டையும் காட்டினார். குனிந்து, தோளில் ஏற்றி, ஐந்தாவது மாடிக்குப் படி ஏறத் தொடங்கினேன்.